ஒரு சாமை அரிசி

நாகலூர்ப் பக்கம் மூடிக்கிடந்த காப்பிக் கிடங்கில்
எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சமணப் பள்ளியைப்
பதினோரு நாளில் கட்டிவிட்டார்கள்.
தெர்மாகோல் தூணுக்குப் பச்சைப் பாசி தீட்டினார்கள்.
நிஜப் பாசி நாலடி தள்ளிச் சுவரில்
சும்மா இருந்தது.

மிளகு பறித்துக்கொண்டிருந்த என்னை
ஏணியிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள்.
"விலா எலும்பு நல்லாத் தெரியுது" என்றார் டைரக்டர் அருள்வேந்தன்.
அப்படித்தான் மூன்றாவது பிணமானேன்.
கூலி எண்ணூறு. மொட்டைக்குத் தனியாக இருநூறு.
சேர்வராயனுக்கு வேண்டி வளர்த்த முடி அது.
குழந்தையம்மாளிடம் பேன் என்று சொல்லிவைத்தேன்.

கதை இதுதான்:
பள்ளித் துறவிகள் ஒவ்வொருவராய்
உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறார்கள்.
ஊர் கும்பிடுகிறது. பாறையில் பேர் வெட்டுகிறது.
கீழ்நாட்டிலிருந்து நடந்து வந்த பெண்துறவி,
குரத்தி என்பார்களாம்,
அவள் மட்டும் மூன்றாவது உடம்பின் பக்கம் குந்துகிறாள்.
ஆண் மேனியைத் தொடக்கூடாது.
மயிற்பீலிக் காம்பால் வாயைத் திறக்கிறாள்.
கடைவாய் இடுக்கில் ஒரு சாமை அரிசி.
நோன்பிருந்து செத்தவன் வாயில் ஏது சோறு?
இவனாகப் போகவில்லை,
யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

எறும்பு மிதிபடாமல்
பீலியால் தரை கூட்டி நடக்கும் காட்சிக்கு முன்
கட்டெறும்பு கடிக்கிறதென்று
லைட்பாய் மருந்தடித்துவிட்டுப் போனான்.

காலை ஆறுக்குப் படுத்தவன்
பனி விலகி, வெயில் வந்து, மறுபடி பனி இறங்கி
ஒன்றரை வரை செத்துக்கிடந்தேன்.
பிணத்துக்கு டிபன் கொடுத்தால் வயிறு உப்பிவிடுமாம்.
அட்டை ஒன்று கணுக்காலில் ஏறிக் குடித்தது.
அசையவில்லை. நல்ல நடிப்பு என்றார்கள்.

ஏழாவது டேக்கில்
அரிசியை விழுங்கிவிட்டேன்.
வேண்டுமென்று இல்லை. நாக்கு தானாகத் தேடிப்போனது.
பீலிக்காம்பு நுழைந்து துழாவி வெறுமனே திரும்ப,
"தடயத்தத் தின்னுட்டான் சார்!"
கிடங்கே சிரித்தது.
குரத்தியாக வந்தவள் சிரிக்கவில்லை.
குனிந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
செத்தவன் எப்படிப் பதில் சொல்வது?

கொன்றது யார் என்று எங்களுக்குச் சொல்லவேயில்லை.
கடைசி எட்டுப் பக்கத்தை டைரக்டர்
காரில் பூட்டி வைத்திருந்தார்.
எனக்கு ஓலை படியெடுக்கும் சின்னவன்மேல் சந்தேகம்.
குழந்தையம்மாளுக்கு மடைப்பள்ளிக்காரன்மேல்.
"சோறு கையில இருக்குறவன்தான் பட்டினி போடுவான்."

தையில் சேலத்துக்குப் படம் வந்தது.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
தட்டுவடை செட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.
எங்களோடு பதினாறு பேர்.
என் விலா வந்தது. என் கால் வந்தது. அட்டைகூட வந்தது.
திரை முழுக்கத் திறந்த வாய் மட்டும் என்னுடையதில்லை.
கறையில்லாத பல், எவனோ பட்டணத்தான்.
அரிசி அவனிடம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

குரத்தி விளக்கை உயர்த்தினாள்.
வரிசையாக நின்ற மொட்டைத் தலைகளுக்கு நேரே
"நீதான்" என்று சொல்லத் திரும்பினாள்.
குழந்தையம்மாள் என் தொடையைக் கிள்ளினாள்.
"கடைசி பஸ்சு எட்டேகாலுக்கு."

ஓடினோம்.
மறுவாரம் போனபோது வேறு படம் ஓடியது,
அதில் எல்லாரும் ஆடினார்கள்.

அன்றைய ராத்திரி பஸ்ஸில்,
பதினாலாவது வளைவில், கீழே சேலம்
கொட்டிய தானியம்போலக் கிடக்கும்போது
அவள் சொன்னாள்:
"கொன்னவன் யாருன்னு தெரியாமப் போச்சு.
சாமி முடியத் திருடுனவன் யாருன்னு
பேனுன்னு சொன்ன அன்னிக்கே தெரியும்."

நான் ஒன்றும் பேசவில்லை.
பஸ் முனகி ஏறியது.
நாக்கு கடைவாய்ப் பக்கம் போனது.
தட்டுவடைத் துணுக்கு ஒன்று அங்கே இருந்தது.
ஊர் வந்து சேரும்வரை
அதை விழுங்கவில்லை.